எக்ஸ் ஆக்சிஸ் சில நாள் மட்டும் நகர்ந்து போகுது, காரணம் பிடிபடல (காசிமேடு, 4க்கு 4 ரூட்டர்)

காசிமேடு கதவு
எல்லாருக்கும் வணக்கம். காசிமேட்டுல சின்ன மரவேலைப் பட்டறை வெச்சிருக்கேன். பூஜை ரூம் கதவு, நிலைவாசல் மேல வர்ற பேனல், ஜாலி, இதுதான் வேலை. ரூட்டர் (கம்ப்யூட்டர் டிசைன்படி மரத்தைச் செதுக்குற மெஷின்) வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. 4க்கு 4 அடி டேபிள், மூணு ஆக்சிஸும் (நகர்ற திசை) பால் ஸ்க்ரூ, இடம் வலமா போற எக்ஸ்ல 10 மிமீ லீடு (ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு நகர்த்துற தூரம்). ஸ்டெப்பர் மோட்டார் (ஒவ்வொரு பல்ஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமா சுத்துறது), அதை ஓட்டுற டிரைவர்ல ஒரு சுத்துக்கு 1600 பல்ஸ் செட் பண்ணியிருக்கு. 2.2 கிலோவாட் தண்ணி கூலிங் ஸ்பிண்டில் (வெட்டுற பிட்டைச் சுத்துற மோட்டார்), கையில பிடிக்கிற டிஎஸ்பி கன்ட்ரோலர்.

மூணு மாசமா ஒரே தொல்லை. நாலு நாள் அருமையா ஓடும். அஞ்சாவது நாள் ரிலீஃப் (புடைப்புச் சிற்பம்) ஓடிட்டு இருக்கும்போதே எக்ஸ்ல நகர்ந்துடும். போன வாரம் கஜலட்சுமி பேனல், தேக்கு, ரஃபிங் (முதல் கரடு வெட்டு) முடிஞ்சு ஃபினிஷிங் பாதியில 2.5 மிமீ தள்ளிப் போச்சு. யானையோட தும்பிக்கை ரெண்டா தெரியுது. பலகையே வீண். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்ச வீடு அது, அவங்க முகத்தைப் பார்க்க முடியல.

மோட்டார் மாத்தியாச்சு, டிரைவர் மாத்தியாச்சு. மெஷின் வித்தவங்க கிட்ட கேட்டா கன்ட்ரோலரையே மாத்துங்கன்னு சொல்றாங்க. இன்னொரு தடவை காசு போட்டு ஏமாற எனக்குத் தெம்பு இல்ல. ஒண்ணு மட்டும் கவனிச்சேன், சாயங்காலத்துலதான் இது வருது.

கொடுங்கையூர் சைன்போர்டு
ப்ரோ, சாயங்காலம்னா வோல்டேஜ்தான். நம்ம ஏரியால ஆறு மணிக்கு மேல எல்லா வீட்லயும் ஏசி. ஸ்டெபிலைசர் போடுங்க. எனக்கு அக்ரிலிக் எழுத்து வெட்டும்போது இப்படி வந்திருக்கு.

வியாசர்பாடி லேத்
முதல்ல மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கிற கப்ளிங்கைப் பாருங்க. அதுல இருக்கிற சின்ன ஸ்க்ரூ லூசானா கண்ணுக்குத் தெரியாது. லோடு வரும்போது மட்டும் வழுக்கும், அடுத்த நாள் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும். மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங், ஸ்க்ரூ மூணு மேலயும் சேர்த்து பெயின்ட் மார்க்கர்ல நேரா ஒரு கோடு போடுங்க. அந்தக் கோடு உடைஞ்சா வழுக்குதுன்னு அர்த்தம். பலகை கிளாம்புல நகரலன்னும் உறுதி பண்ணிக்கோங்க.

பெரம்பூர் பெரியவர்
தம்பி, எதையும் மாத்தாதீங்க. ஒரு பைசா செலவழிக்கிறதுக்கு முன்னாடி பிழையை அளங்க. நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில மெஷின் பராமரிப்புல இருந்தவன். அங்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே இதுதான்: மெஷின் எவ்வளவு தப்பு பண்ணுது, எந்தப் பக்கம் தப்பு பண்ணுது, இந்த ரெண்டும் தெரியாம ஸ்பேனரைத் தொடக் கூடாது.

உங்க மெஷின்ல கணக்கு ரொம்பச் சுலபமா வருது, அது உங்க அதிர்ஷ்டம். மோட்டார் ஒரு சுத்து சுத்தினா 10 மிமீ. ஒரு சுத்துக்கு 1600 பல்ஸ். அப்போ ஒரு பல்ஸ் 0.00625 மிமீ. இதை எழுதி மெஷினோட கரண்ட் பேனல் மேல ஒட்டிடுங்க.

ஸ்டெப்பர் மோட்டார் லோடு தாங்காம தடுமாறினா, மனசுக்குத் தோணின இடத்துல போய் நிக்காது. சாதாரண 1.8 டிகிரி மோட்டாரோட ரோட்டர்ல 50 பல் இருக்கு. கட்டு விட்டுப் போனா அடுத்த பல்லுலதான் போய்ப் பிடிக்கும். ஒரு பல்லுன்னா 7.2 டிகிரி, நாலு முழு ஸ்டெப். உங்க ஸ்க்ரூவுல அது 0.2 மிமீ. ஆக மோட்டார் திணறித்தான் பிழை வருதுன்னா, அது 0.2, 0.4, 0.6 இப்படித்தான் வரணும். நடுவுல வராது.

கப்ளிங் வழுக்கினா எந்த அளவு வேணும்னாலும் வரும். ஆனா வியாசர்பாடி சொன்ன கோடு காட்டிக் கொடுத்துடும்.

பல்ஸ் கூடுதலாவோ குறைவாவோ டிரைவருக்குப் போனா அதுவும் எந்த அளவுலயும் வரும். ஆனா கோடு உடையாது, மோட்டாரே தப்பான இடத்துல நிக்கும். இதுக்கு இன்னொரு குறி போடுங்க: கப்ளிங் மேல ஒரு புள்ளி, மோட்டாரோட முகப்புத் தகட்டுல ஒரு புள்ளி, ஒர்க் ஜீரோவுல (வேலை ஆரம்பிக்கிற புள்ளி) நிக்கும்போது ரெண்டும் நேருக்கு நேரா இருக்கிற மாதிரி.

டயல் கேஜை (நுணுக்கமா நகர்வை அளக்குற முள் கருவி) மேக்னட் ஸ்டாண்டுல மாட்டி டேபிள்ல வைங்க. ஜீரோவுல கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கி நகர்ற சட்டம்) வந்து முள்ளைத் தொடணும். ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் ஜீரோவுக்குக் கொண்டு வந்து எழுதி வைங்க. மூணு நாள் அளவு இல்லாம இங்க வந்து பேசாதீங்க, நாங்களும் பேச மாட்டோம்.

கொடுங்கையூர் சைன்போர்டு
ஐயா, வெயில்ல ஸ்க்ரூ நீளமாகி இருக்கலாமே? ஷீட் கூரைப் பட்டறைன்னா மத்தியானம் உள்ள நிக்க முடியாது.

பெரம்பூர் பெரியவர்
1 மீட்டர் இரும்பு 10 டிகிரி சூடேறினா நீள்றது 0.12 மிமீ கிட்ட. தும்பிக்கையை ரெண்டாக்குற அளவுக்கு வெயில் நீட்டாது.

திருவொற்றியூர் ஜாலி
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பெரியவர் சொல்றது எவ்வளவு உண்மைன்னு என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன்.

என்கிட்டயும் இதே 10 மிமீ லீடு, இதே 1600. பழைய கம்ப்யூட்டர்ல மாக்3 (மெஷினை ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு பேரலல் போர்ட்ல ஓட்டினேன். ரிலீஃப் ஓடினா எப்பவும் ஒரே பக்கம் தள்ளும். நேரா கோடு வெட்டினா நாள் முழுக்க ஓடினாலும் ஒண்ணும் ஆகாது. ஒருநாள் ஸ்பிண்டில் இல்லாம, சும்மா 50 மிமீ போய் வர்றதை 100 தடவை ஓட்டினேன். டயல்ல 1.25 மிமீ. 200 தடவை ஓட்டினேன், 2.5 மிமீ. பிசிறே இல்ல.

1.25ஐ 100ஆல வகுத்தா 0.0125. அதாவது ரெண்டு பல்ஸ். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் திசை சிக்னல் மாறி நிலைக்கிறதுக்குள்ள முதல் பல்ஸ் போயிடுது. டிரைவர் அதைப் பழைய திசையிலேயே எண்ணிடுது. முன்னாடி போக வேண்டியது பின்னாடி போச்சு, அதனால நஷ்டம் ஒண்ணு இல்ல, ரெண்டு. எனக்கு ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும்தான் இப்படி ஆச்சு. ரெண்டு பக்கமும் ஆகியிருந்தா ஒண்ணை ஒண்ணு கழிச்சுட்டு வெளியிலயே தெரிஞ்சிருக்காது. மாக்3ல பல்ஸ் சிக்னலோட ஆக்டிவ் லோ குறியை மாத்தினேன், திசைக்கான நேரத்தையும் கூட்டினேன். அன்னைக்கோட அந்தப் பிழை தீர்ந்தது. அதுக்கு முன்னாடி வீணாக்கின எம்டிஎஃப் ஷீட்டை அடுக்கினா ஆள் உயரம் வரும்.

உங்களோடது இது இல்லன்னு தோணுது. இது வந்தா தினமும் வரும், ஒரே அளவுல வரும். ஆனாலும் 100 தடவை ஓட்டிப் பார்த்துடுங்க. பத்து நிமிஷ வேலை.

காசிமேடு கதவு
மூணு நாள் எழுதி வெச்சுட்டேன்.

சும்மா 100 தடவை ஓட்டினது: 0.01க்குள்ள. 200 தடவையும் அதே.
முதல் நாள் ரிலீஃப்: 0.31, இடது பக்கம்.
ரெண்டாம் நாள்: 0.46, வலது பக்கம்.
மூணாம் நாள்: காலையில ஜாலி வெட்டினப்போ ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ரிலீஃப் முடிஞ்சதும் 1.07, இடது.

கப்ளிங் கோடு உடையல. ஆனா முகப்புத் தகட்டுப் புள்ளியும் கப்ளிங் புள்ளியும் விலகி நிக்குது. 1.07 வந்த அன்னைக்கு நல்லாவே விலகி இருந்துச்சு.

வோல்டேஜும் பார்த்தேன். 211க்குக் கீழ இறங்கல. டிரைவருக்குப் போற டிசி சப்ளை அசையல.

வியாசர்பாடி லேத்
அப்போ கப்ளிங் நிரபராதி. 0.46ன்னா மோட்டார் ஷாஃப்ட் 17 டிகிரி கிட்ட தள்ளி நிக்குது, 1.07ன்னா 39 டிகிரி கிட்ட. கண்ணாலயே பார்க்கலாம். நான் சொன்னது தப்பாப் போனதுல எனக்குச் சந்தோஷம், ஒரு வாசல் மூடியாச்சு.

பெரம்பூர் பெரியவர்
நல்லது தம்பி. இப்போ பாருங்க, மூணு அளவுல ஒண்ணுகூட 0.2ஓட மடங்கு இல்ல. அப்போ மோட்டார் திணறல. லோடு, ஃபீடு, ஆக்சிலரேஷன் எதையும் குறைக்க வேண்டாம். புது மோட்டாருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். ரெண்டு பக்கமும் மாறி மாறி வர்றதால திருவொற்றியூர்க்காரர் சொன்ன திசை விஷயமும் இல்ல.

மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். யாரும் அனுப்பாத பல்ஸ் டிரைவருக்குப் போகுது.

சாயங்காலத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்றேன். ரிலீஃப் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீங்க?

காசிமேடு கதவு
சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு ரெண்டரை. அஞ்சு மணி நேரம் ஓடும்.

பெரம்பூர் பெரியவர்
அதான். பிழை சாயங்காலம் வரல, சாயங்காலம் கண்ணுல படுது. அஞ்சு மணி நேரமா சேர்ந்தது ஃபினிஷிங்ல தெரியுது. காலையில இருபது நிமிஷ ஜாலியில தெரிய அது போதாது.

மணலி மெயின்டனன்ஸ்
இந்த இழையை ஆரம்பத்துல இருந்து படிக்கிறேன். மணலியில ஒரு ஆலையில டிரைவ் பேனல் பார்க்கிறது என் வேலை. இனிமே நான் கொஞ்சம் பேசலாம்னு நினைக்கிறேன்.

ஒரு டெஸ்ட். மெஷினை ஜீரோவுல நிறுத்துங்க, டயலை எக்ஸ்ல தொடவிட்டு முள்ளை பூஜ்யத்துல வைங்க. எந்த புரோகிராமும் ஓட்டாதீங்க. ஸ்பிண்டிலை மட்டும் நிமிஷத்துக்கு 18000 சுத்துல போடுங்க. அரை மணி நேரம் விடுங்க. யாரும் நகரச் சொல்லாதபோது முள் நகர்ந்தா, வி.எஃப்.டியோட (ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்துற டிரைவ்) மின் சத்தம்தான், அதாவது வேண்டாத சிக்னல்தான், பல்ஸா மாறுது. அப்புறம் ஸ்பிண்டிலை அணைச்சுட்டு இன்னொரு அரை மணி நேரம் பாருங்க.

இன்னொரு கேள்வி. மெஷின் ஓடும்போது ஸ்பிண்டில் பாடியைத் தொட்டா விரல்ல விர்ருனு ஏதாவது தெரியுதா?

காசிமேடு கதவு
அரை மணி நேரத்துல முள் 0.05 நகர்ந்துடுச்சு. ஸ்பிண்டில் அணைச்சப்புறம் அசையவே இல்ல. ரெண்டு தடவை பார்த்தேன்.

ஸ்பிண்டிலைத் தொட்டா லேசா விர்ருனு இருக்கும். வாங்கினதுல இருந்தே அப்படித்தான். ரப்பர் செருப்பு போட்டுட்டுத் தொடுங்கன்னு இன்ஸ்டால் பண்ண வந்தவர் சொன்னார்.

மணலி மெயின்டனன்ஸ்
தயவுசெஞ்சு இன்னைக்கு இனிமே அந்த மெஷினை ஓட்டாதீங்க. செருப்பு போட்டுத் தொடச் சொன்னது பெரிய தப்பு. அந்த விர்ருங்கிறது, உங்க ஸ்பிண்டில் பாடிக்கு எர்த் இல்லன்னு மெஷின் ரெண்டு வருஷமா உங்ககிட்ட சொல்லிட்டு இருக்கிறது. உள்ள வைண்டிங் இன்சுலேஷன் ஒரு நாள் போச்சுன்னா முழு வோல்டேஜும் பாடியில நிக்கும். பக்கத்துலயே தண்ணி பம்ப் வேற இருக்கு.

மெயினை அணைச்சு, வி.எஃப்.டி உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் இறங்க பத்து நிமிஷம் விட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு மூணு இடம் பாருங்க: ஸ்பிண்டில் பாடிக்கும் பேனல் எர்த் பட்டைக்கும் நடுவுல, வி.எஃப்.டி எர்த் ஸ்க்ரூவுக்கும் எர்த் பட்டைக்கும் நடுவுல, மெஷின் ஃபிரேமுக்கும் எர்த் பட்டைக்கும் நடுவுல. ஒரு ஓம்முக்குக் கீழ இருக்கணும். வயரை ஆட்டிக்கிட்டே பாருங்க.

எதனால பல்ஸ் கூடுதுன்னும் சொல்லிடறேன், புரிஞ்சு செஞ்சாதான் வேலை நிக்கும். வி.எஃப்.டி சுத்தமான அலையைத் தர்றது இல்ல. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வோல்டேஜை வெட்டி வெட்டி அனுப்புது. ஒவ்வொரு வெட்டுக்கும் கேபிள்ல இருந்தும் ஸ்பிண்டில் பாடியில இருந்தும் கொஞ்சம் கரண்ட் கசியும். அது எப்படியாவது வி.எஃப்.டிக்கே திரும்பிப் போயாகணும். நல்ல ஷீல்டும் எர்த்தும் இருந்தா அது வழியா அமைதியாப் போயிடும். இல்லன்னா கிடைக்கிற வழியில போகும். பேரிங், கேன்ட்ரி, டேபிள், உங்க சிக்னல் வயரோட ஜீரோ வோல்ட், எல்லாமே அதுக்கு வழிதான். டிரைவரோட பல்ஸ் உள்ளீடு வெறும் 5 வோல்ட். அதுல ஒரு குத்து விழுந்தா டிரைவருக்கு அது பல்ஸா, சத்தமான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. 0.00625 மிமீ நகர்த்திடும். உங்க 0.05 எட்டு பல்ஸ்.

கொடுங்கையூர் சைன்போர்டு
ஷீல்டை ஒரு முனையில மட்டும்தானே எர்த் பண்ணணும்? ரெண்டு பக்கமும் பண்ணினா லூப் வரும்னு எல்லாரும் சொல்றாங்க.

மணலி மெயின்டனன்ஸ்
சென்சார், சிக்னல் கேபிளுக்கு நீங்க சொல்றது சரி, பேனல் பக்கம் மட்டும் போதும். ஸ்பிண்டில் கேபிளுக்கு அப்படி இல்ல. கசியற கரண்ட் திரும்பி வர்ற பாதையே அந்த ஷீல்டுதான். ஒரு முனையை விட்டுட்டா பாதியில பாலம் இல்லாத ரோடு மாதிரி. வி.எஃப்.டி கையேடுகள் ரெண்டு முனையும் கட்டச் சொல்றது இதுக்குத்தான். அதுவும் ஷீல்டை முறுக்கி நீள வாலாக்காம, அகலமா கிளாம்பு வெச்சு அமுக்கணும்.

திருவொற்றியூர் ஜாலி
நான் ஒரு முனை மட்டும்தான் கட்டியிருக்கேன், நாலு வருஷமா ஓடுது. ரெண்டு பக்கமும் கட்டச் சொல்றதை இன்னும் என் மனசு ஏத்துக்கல.

மணலி மெயின்டனன்ஸ்
உங்க கேபிள் குட்டையா இருக்கலாம், ஸ்பிண்டில் பாடிக்குத் தனி எர்த் இருக்கலாம். ஓடற மெஷினைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். புதுசா வயரிங் பண்றவங்களுக்கு ரெண்டு முனைன்னுதான் சொல்வேன்.

காசிமேடு கதவு
இன்னைக்குப் பூரா பேனல்லதான் இருந்தேன். கை நடுங்குது, இருந்தாலும் எழுதிடறேன்.

ஸ்பிண்டில் பாடிக்கும் எர்த்துக்கும் தொடர்பே இல்ல. மீட்டர் எதுவும் காட்டல. பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன். நாலாவது பின்னுக்கு வெளியில இருந்து பச்சை வயர் வருது, ஆனா ஸ்பிண்டில் உள்ள அந்தப் பின்னுல எதுவுமே சால்டர் பண்ணல. ரெண்டு வருஷமா அந்த வயர் சும்மா வந்து நிக்குது.

அதைவிட மோசம் வி.எஃப்.டியோட எர்த். வயரை ஆட்டாம இருந்தா 18 ஓம், ஆட்டினா ஒண்ணுமே இல்ல. பேனலோட அடியில போல்ட் வெச்சுக் கட்டின இடத்துல லக் (வயர் முனையில மாட்டுற வளையம்) பச்சையாப் பூத்து, தொட்டதும் உதிருது. போல்ட் முழுக்கத் துரு. அதுக்கு அடியில பேனலோட பெயின்ட்டைக்கூடச் சுரண்டாமதான் கட்டியிருந்தாங்க. கேபிள் செயின் (நகர்ற வயரைத் தாங்கிப் போற சங்கிலி) வளையற இடத்துல ஸ்பிண்டில் கேபிளோட ஷீல்டு பின்னல் அறுந்து முள்ளு முள்ளா நிக்குது. கன்ட்ரோலர்ல இருந்து டிரைவருக்குப் போற தட்டை கேபிள், வி.எஃப்.டியோட அவுட்புட் வயரோட ஒரே டை போட்டுக் கட்டியிருக்கு.

பெரம்பூர் பெரியவர்
கடலுக்கு அவ்வளவு பக்கத்துல இருந்தா அந்த லக் பூக்காம என்ன செய்யும். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் வரைக்கும் உப்புக் காத்து பேனல் உள்ள புகுந்துடும். மூணு மாசத்துக்கு முன்னாடி திடீர்னு ஆரம்பிச்சது ஏன்னு இப்போ புரியுது. அன்னைக்குத்தான் அந்த லக் பாதி செத்திருக்கும். முழுசாச் செத்திருந்தா தினமும் பெரிய பிழையா வந்திருக்கும், சீக்கிரம் பிடிச்சிருக்கலாம்.

ஈயம் பூசின காப்பர் லக் வாங்குங்க, மண்ணடியில கிடைக்கும். கையால நசுக்காம கிரிம்பிங் டூல்ல அமுக்குங்க. பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளையா இரும்பு தெரியணும். பல்லு வாஷர் போட்டு இறுக்கி, மேல பெட்ரோலியம் ஜெல்லி தடவிடுங்க. எர்த் குழியில ஜிஐ பைப்பா? நம்ம பக்கம் மண்ணுல உப்பு இருக்கிறதால எர்த் நல்லா கிடைக்கும், ஆனா அதே உப்பு பைப்பைத் தின்னுடும். எலக்ட்ரீஷியனை வெச்சு அதையும் அளந்துடுங்க.

மணலி மெயின்டனன்ஸ்
குழி உயிருக்குப் பாதுகாப்பு, கட்டாயம் வேணும். ஆனா பிழை தீர்றது குழியால இல்ல, ஸ்பிண்டில்ல இருந்து வி.எஃப்.டிக்குத் திரும்பற குட்டையான பாதையால. ரெண்டையும் குழப்பிக்காதீங்க, ரெண்டையும் செய்யுங்க. ஸ்பிண்டில் கிளாம்புல இருந்து தனியா ஒரு எர்த் வயர் இழுத்து எர்த் பட்டையில கட்டுங்க. செயின்ல ஆடி ஆடி வளையறதுக்குன்னே வர்ற ஷீல்டு கேபிள் போடுங்க. சாதா கேபிள் போட்டா மறுபடியும் அறும். தட்டை கேபிளை வி.எஃப்.டி வயர்ல இருந்து ஒரு சாண் தள்ளி ஓட்டுங்க, கடந்தே ஆகணும்னா குறுக்கா கடக்கட்டும்.

காசிமேடு கதவு
எட்டு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். கேபிள் கிடைக்க நாலு நாள் ஆச்சு.

நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பைப்பையும் மாத்திட்டார். ஸ்பிண்டில் பாடியில இருந்து எர்த் பட்டைக்கு இப்போ 0.3 ஓம், ஆட்டினாலும் மாறல. தொட்டா விர்ருனு எதுவும் இல்ல.

சும்மா நிறுத்தி ஸ்பிண்டிலை 18000ல ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஸ்டூல் போட்டு டயல் முன்னாடியே உக்காந்திருந்தேன். முள் அசையல.

முந்தாநாள் அதே கஜலட்சுமி, புதுப் பலகையில. அஞ்சரை மணி நேரம். ஜீரோவுக்கு வந்தப்போ 0.01. நேத்து ஒரு நிலைப் பேனல், ஆறு மணி நேரம், 0.02. இன்னைக்கும் 0.01. புள்ளியும் புள்ளியும் நேரா நிக்குது. பேனலை அந்த வீட்டுக்காரங்ககிட்ட கொடுத்தாச்சு, நாள் தப்பல.

பெரியவர் ஐயா, பல்ஸ் கணக்கை எழுதி பேனல் கதவுல ஒட்டியாச்சு. என் பையன் டிப்ளமோ படிக்கிறான், அவன்தான் எழுதிக் கொடுத்தான்.

கொடுங்கையூர் சைன்போர்டு
நேத்து என் மெஷின்லயும் மீட்டர் வெச்சுப் பார்த்தேன். ஸ்பிண்டில் பாடிக்கு எர்த் இல்ல. நாலாவது பின் எனக்கும் காலி. மணலி சார், கிளாம்புக்கு இழுக்கிற எர்த் வயர் எத்தனை ஸ்கொயர் (சதுர மிமீ)?

மணலி மெயின்டனன்ஸ்
2.5 ஸ்கொயர், நிறைய இழை உள்ள மெல்லிய காப்பர். செயினுக்குள்ள போறதால ஒத்தைக் கம்பி வேண்டாம். கிளாம்பு அலுமினியம்னா மேல இருக்கிற அனோடைஸ் பூச்சைச் சுரண்டிட்டுக் கட்டுங்க, அது கரண்ட்டை விடாது. கட்டினதுக்கு அப்புறம் மறுபடி மீட்டர் வெச்சுப் பார்த்து அளவை இங்க போடுங்க.